லித்துவேனியாவைப் படிக்கப்போய் நடத்திய தேர்தல்

ரொறன்ரோவில் இருந்த பன்னிரண்டு நாளும் கண்டவர்கள் எல்லோரும் நான் எழுதும் புத்தகத்தைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன் லித்துவேனியா? குடிவரவு அதிகாரி கேட்டார். தங்கை வசந்தி கேட்டாள். அவளுடைய கணவர் சிவநாதன் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே, "லித்துவேனியாவிலை எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கட ஆக்கள் இல்லாத தேசத்தைப் பற்றி மனிதன் எதற்குப் புத்தகம் எழுதுகிறான் என்று யோசித்திருப்பார்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். லித்துவேனியா என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கொஞ்சக் காலம் சுதந்திரமாக இருந்த சிறிய நாடு அது. அந்தக் கொஞ்சக் காலத்தில் அங்கே படித்தவர்கள் ஓயாமல் சண்டைபிடித்தது ஒரு விஷயத்துக்காக: நாட்டை யார் நடத்துவது? எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துத் தலைகளை எண்ணினால் போதுமா, விஷயம் தெரிந்த நாலுபேர் வழிகாட்ட வேண்டாமா? இப்படி எழுதிய பேராசிரியர்களில் பலர் கமக்காரரின் பிள்ளைகள். தகப்பன் வயலில் நிற்க, மகன் வெளிநாட்டில் படித்துக் கலாநிதியாகித் திரும்புகிறான். வந்த கையோடு, தகப்பனுக்கு வாக்குப் போடத் தெரியுமா என்று கட்டுரை எழுதுகிறான். யாழ்ப்பாணத்தவனுக்கு இது அந்நியமான கதை இல்லை.

அந்தக் காலத்துச் சஞ்சிகைகள் சில, போருக்குப் பின் அகதிகளாக வந்தவர்களின் பெட்டிகளில் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்திருந்தன. அவற்றைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

வசந்தியின் வீடு நகரின் கிழக்கே மோர்னிங்சைட்டில் இருந்தது. மார்ச் மாதம். தெருவோரத்துப் பனி கறுத்துப்போய், எங்கள் ஊர்த் தார் போடும் இடம்போலக் கிடந்தது. வந்த மறுநாள் சனிக்கிழமை பக்கத்து வோபர்னில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். அழைப்பிதழில் மாலை ஆறு மணி என்று அச்சடித்திருந்தது. ஏழரைக்கு வெளிக்கிட்டால் காணும் என்றாள் வசந்தி. அழைப்பிதழில் உள்ள நேரத்துக்குப் போவதுதான் மரியாதை என்று நான் பிடிவாதம் பிடிக்க, சிவநாதன் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வீட்டுக்காரர் தோளில் துவாயோடு வந்து கதவைத் திறந்தார். அவர் இன்னும் குளிக்கவில்லை. எட்டு மணிவரைக்கும் நான் அங்கே பலூன் ஊதினேன்.

எட்டரை மணிக்கு வந்தவர்களில் டொக்டர் பரமலிங்கமும் ஒருவர். பல் வைத்தியர். இங்குள்ள எங்கள் ஊர் ஒன்றியத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். நான் ஆறு மணிக்கே வந்து பலூன் ஊதிய கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைமாதிரி ஆக்கள்தான் சேர் எங்களுக்குத் தேவை. எங்கட சனத்துக்கு நேரத்தின்ரை அருமை தெரியாது" என்றார். வருகிற சனிக்கிழமை ஒன்றியத்தின் பொதுக்கூட்டம், தேர்தல் அதிகாரியாக வெளியாள் ஒருவர் வேண்டும், பேராசிரியர் என்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று சொன்னார். பலூன் ஊதிக் களைத்தவனுக்கு அந்தப் புகழ்ச்சி இனித்தது. நான் சம்மதித்தேன்.

ஒன்றியத்துக்குப் போசகர்கள், அதாவது புரவலர்கள், என்று ஐந்துபேர் இருக்கிறார்கள்: இரண்டு வைத்தியர், ஒரு பொறியியலாளர், ஒரு கணக்காளர், வீடு விற்றுக்கொடுக்கும் முகவர் ஒருவர். ஒவ்வொரு முறையும் இவர்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்து கதைத்துப் பெயர்ப்பட்டியல் தயாரிப்பார்கள். பொதுக்கூட்டத்தில் அதை வாசிப்பார்கள், சனம் கைதட்டும். ஏகமனதாகத் தெரிவு என்று பதிவாகும். இதுவரை போட்டி வந்ததே இல்லை, இந்த முறை யாரோ ஒருவர் குழப்பம் செய்ய நிற்கிறார் என்றார் டொக்டர். பெயர் சொல்லவில்லை.

அந்த ஆள் என் தங்கை. அடுத்த நாள் காலை பிட்டு அவித்துக்கொண்டு அவளே சொன்னாள். வசந்தி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஒன்றியத்தின் ஒவ்வொரு விழாவிலும் சமையலறை அவள் பொறுப்பு. மேடையில் ஒருநாளும் ஏறியதில்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். போர்க்காலம், நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

"வருசத்துக்கு ஒருக்கா நகரத்துக்கு வெளியாலை றிச்மண்ட் ஹில்லிலை கோட்டுச் சூட்டோடை விருந்து வைக்கினம். கார் இல்லாத சனம் உதுக்கு எப்பிடி வாறது?" என்றாள். "இஞ்சை எத்தினை வயசுபோன சனம் பிள்ளையள் வேலைக்குப் போனாப்பிறகு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். கிழமைக்கு ஒருக்கா, பகலிலை, வோபர்னிலை ஒரு இடம். பஸ்ஸிலை வந்து இருந்து கதைச்சிட்டுப் போகட்டும். நான் கேக்கிறது உவ்வளவுதான்." போசகர்களிடம் மூன்று வருடமாகக் கேட்டிருக்கிறாள். பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லியே அனுப்பிவிட்டார்கள். தலைவராக வந்தால்தான் நடக்கும் என்று முடிவெடுத்துவிட்டாள். வயதானவர்களில் முப்பதுபேருக்கும் மேல் அங்கத்தவராகச் சேர்த்திருந்தாள்.

அப்படியானால் நான் தேர்தல் அதிகாரியாக இருப்பது முறையில்லை, விலகிவிடுகிறேன் என்றேன். அவள் மறித்தாள். "வேண்டாம் அண்ணை. அவைக்கும் நீங்கள்தான் நம்பிக்கை. எனக்காக ஒண்டும் செய்யவேண்டாம், நேர்மையா நடத்தினால் காணும்."

திங்கட்கிழமை லித்துவேனியர்களிடம் போனேன். நகரின் மேற்கே அவர்களுக்கு ஒரு மண்டபம் இருந்தது. நூலகம் அதன் நிலக்கீழ் அறையில். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டரைக்கே பஸ் தரிப்பில் நின்றேன். இலக்கம் சரி பார்த்து ஏறினேன். போகப் போக வீடுகள் குறைந்து மரங்கள் கூடின. கடைசித் தரிப்பில் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எங்கள் நாட்டில் வாகனம் தெருவின் இடப்பக்கம் ஓடும், இங்கே வலப்பக்கம். கால் தன் பழக்கத்தில் தெருவின் பிழையான பக்கத்துக்குப் போய் நின்றிருக்கிறது. சிவநாதன் நகரப் பேருந்து ஓட்டுபவர். மாலையில் இதைக் கேட்டு, ஊரிலிருந்து வருகிற எல்லோரும் ஒருதடவை இப்படிக் கிழக்கே போய்த்தான் திரும்புவார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

நூலகத்தை அடைந்தபோது பதினொன்று பத்து. பிருட்டே என்ற பெண்மணி சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஜேர்மனியில் அகதி முகாமில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்தவர். "பத்து என்றால் பத்து. நான் இங்கே சம்பளத்துக்கு இருப்பவள் இல்லை. என் நேரத்தை எடுத்துக்கொள்ள உங்களுக்கு அனுமதி கொடுத்தேன், வீணாக்கக் கொடுக்கவில்லை" என்றார் ஆங்கிலத்தில். எனக்குக் காது சுட்டது. தெருப்பக்கம் மாறிய கதையைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த மூன்று நாளும் பத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அந்த வாசலில் நின்றேன். வியாழக்கிழமை அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பரீட்சையில் முதற்பிரிவில் பாஸ் பண்ணிய சந்தோஷம் எனக்கு.

எனக்கு லித்துவேனிய மொழி தெரியாது. பிருட்டே சஞ்சிகையை விரித்து, வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் குறித்துக்கொண்டேன். இருபதுகளின் நடுவில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது. அதை ஆதரித்தவர்களின் வாதம் எளிமையானது. தேசம் ஒரு குடும்பம், குடும்பத்துக்குத் தலைவன் ஒருவன், கட்சிகள் குடும்பத்தைப் பிரிக்கின்றன. இடதுசாரிகளும் தாராளவாதிகளும் இதைக் கிண்டலடித்தார்கள், முடிந்தவரைக்கும். எனக்குப் பிடித்துப்போனவர்கள் இவர்களுக்கு நடுவே நின்ற கத்தோலிக்கச் சிந்தனையாளர்கள். சர்வாதிகாரமும் வேண்டாம், வெறும் தலை எண்ணுவதும் வேண்டாம். எல்லா வகுப்பிலிருந்தும் பண்பட்ட ஒரு சிறு கூட்டம் எழுந்துவர வேண்டும், அது ஆளுவதற்கல்ல, தொண்டு செய்வதற்கு என்று எழுதினார்கள். நல்ல எழுத்து. வாசிக்கிறவன் தன்னையும் அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவனாக நினைத்துக்கொள்ள இடம் வைத்த எழுத்து. நானும் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பிருட்டே வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அவித்த உருளைக்கிழங்கு மாவுக்குள் இறைச்சி வைத்து, உள்ளங்கை நீளத்தில் ஒன்று. செப்பெலினாய் என்று பெயர். பார்வைக்கு எங்கள் கொழுக்கட்டையின் பெரியப்பா. இரண்டு வைத்தார். ஒன்றை முடித்ததும் இரண்டு மணித்தியாலம் படுக்கவேண்டும் போலிருந்தது. மிளகாய்த்தூள் கொஞ்சம் கிடைத்தால் இரண்டாவதையும் ஒரு கை பார்த்திருப்பேன். கேட்கப் பயமாக இருந்தது.

சாப்பிடும்போது தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அவரும் ஆசிரியர், அந்தச் சஞ்சிகைகளில் எழுதியவர். ஆட்சி கவிழ்ந்த பிறகு ஒரு வருடம் ஒன்றும் எழுதவில்லை. "அவருக்கு அது பிழை என்று தெரியும். ஆனால் ஒற்றுமை குலைந்துவிடும் என்று பேசாமல் இருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பேசாமல் இருந்ததால்தான் எல்லாம் அமைதியாக நடந்து முடிந்தது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் அதையும் குறித்துக்கொண்டேன். புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்புக்கு உதவும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. கூட்டம் றிச்மண்ட் ஹில்லில் ஒரு விருந்து மண்டபத்தில், மாலை நாலு மணிக்கு. போட்டியாளரின் காரில் தேர்தல் அதிகாரி போய் இறங்குவது அழகில்லை என்று டொக்டரே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். புறப்படும்போது வசந்தி வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பெரிய வான் ஒழுங்கு செய்திருந்தாள். மோர்னிங்சைட்டிலும் வோபர்னிலும் உள்ள வயதானவர்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு நாலரைக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். ஒன்றியத்தின் கூட்டம் ஐந்து மணிக்கு முன்னர் தொடங்கியதாக அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. நாலு மணி என்று போட்டால் ஐந்தரை. அதைக் கணக்கு வைத்துத்தான் எல்லோரும் வெளிக்கிடுவார்கள். வசந்தி ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வருவதாகத் திட்டம் போட்டிருந்தாள்.

மண்டபத்தில் மூன்றே முக்காலுக்குப் போசகர்கள் ஐந்துபேரும் கோட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தவர், நண்பர்கள் என்று நாற்பதுபேர் மட்டில் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அவ்வளவு வேளைக்கு வந்திருந்ததைக் கண்டு, கனடா வந்தாவது எங்கள் சனம் திருந்தியிருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். யார் சொல்லி வேளைக்கு வந்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

எனக்கு மேடையில் தனி மேசை, தண்ணீர்ப் போத்தல், ஒலிவாங்கி. டொக்டர் குனிந்து என் காதுக்குள் சொன்னார். "சேர், நாலு மணிக்குச் சரியாத் தொடங்குவம். நீங்கள் இருக்கேக்கை எண்டாலும் ஒருக்கா ஒழுங்கா நடக்கட்டும்." எனக்குப் பிருட்டேயின் கைக்கடிகாரம் ஞாபகம் வந்தது. நாலு மணி அடித்ததும் கூட்டத்தைத் தொடக்கினேன். முன்வரிசை கைதட்டியது. மௌன அஞ்சலி, அறிக்கைகள் எல்லாம் தேர்தலுக்குப் பிறகு வைக்கலாம், அதிகாரியைக் காக்கவைக்கக் கூடாது என்று பொறியியலாளர் பிரேரித்தார். அதுவும் எனக்குச் சரியாகவே பட்டது.

நாலு ஐந்துக்கு மேசையில் இருந்த என் போன் அதிர்ந்தது. வசந்தியின் செய்தி. "அண்ணை, இராசம்மா அன்ரி ஐடி எடுக்கத் திரும்பிப் போனவ. வந்துகொண்டிருக்கிறம். இருபது நிமிசம்." வாசித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தலைவர் பதவிக்கு டொக்டர் பரமலிங்கத்தின் பெயர் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டது. வேறு பெயர்கள் உண்டா என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து அபி என்ற இளம்பெண் எழுந்தாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "வசந்தி அன்ரியை நான் புரொப்போஸ் பண்ணுறன். அவ ஒன் த வே, வந்துகொண்டிருக்கிறா. கொஞ்சம் வெயிற் பண்ணலாம், ரைற்?" என்றாள். கணக்காளர் ஒன்றியத்தின் விதிகள் அடங்கிய யாப்பைத் திறந்தார். போட்டியிடுபவர் சபையில் இருந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. காத்திருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. அதை நான் சொல்லியிருக்கலாம். சபை முழுவதும் என்னைப் பார்த்தது.

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. பேராசிரியர் என்ன சொல்லுறாரோ அதுதான்" என்றார் டொக்டர். "ஒற்றுமையா முடிஞ்சால் எல்லாருக்கும் நல்லது."

அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நேரம் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட ஒரு சாட்டு. டொக்டர் மேடையில் நிற்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடிந்தது. தமிழும் ஆங்கிலமும் சரளம், சபையறிந்து பேசுவார். அந்த இடத்தில் வசந்தியை வைத்துப் பார்த்தேன். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவாள். பின்னால் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்பு. சமையலறைதான் அவளுக்குத் தோதான இடம், அங்கே அவளை எல்லோரும் மதிக்கிறார்கள், பிறகு ஏன் வீண் வேலை. அவளுடைய நன்மைக்குத்தான் என்றுகூட நினைத்தேன்.

டொக்டர் பரமலிங்கம் போட்டியின்றித் தெரிவாகிறார் என்று அறிவித்தேன். நாலு பன்னிரண்டு. பலத்த கைதட்டல். அபி தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நாலு முப்பதுக்குக் கதவு திறந்தது. முதலில் குளிர்காற்று வந்தது, பிறகு ஊன்றுதடிகள், தள்ளுவண்டிகள், சேலைக்கு மேல் பெரிய பெரிய குளிர்கோட்டுகள். ஒவ்வொருவராக இருபத்தாறுபேர். கடைசியாக வசந்தி, ஒரு கிழவரைத் தாங்கிப் பிடித்தபடி. வாசலிலேயே அபி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் மேடையைப் பார்க்கவே இல்லை. வந்தவர்களுக்குக் கதிரை தேடி இருத்தினாள். கோட்டுகளை வாங்கி மாட்டினாள். தேத்தண்ணி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய், தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இராசம்மா என்ற அந்த அம்மா நடந்து மேடையடிக்கு வந்தார். பிளாஸ்ரிக் பைக்குள் இருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினார். "வோட்டு எங்கை தம்பி போடுறது?" என்று கேட்டார்.

முப்பது வருடம் விரிவுரை செய்த நான் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். கணக்காளர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது அம்மா, இருங்கோ, சாப்பாடு இருக்கிறது என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே மேடையில் இருந்து, பொன்னாடையும் போர்த்திக்கொண்டேன்.

திரும்பும்போது வானில் எனக்கும் இடம் இருந்தது. வயதானவர்கள் யாரும் கோபமாக இல்லை. கட்லெற் நல்லாயிருந்தது என்றார் ஒருவர். அடுத்த முறை இன்னும் வேளைக்கு வெளிக்கிட வேண்டும், என்னால்தான் பிந்தியது என்று இராசம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். வசந்தி அவருடைய கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். மோர்னிங்சைட் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை வேலை. மத்தியானம் வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் என் முன்னால் இருந்தாள். சிவநாதன் வீட்டில் இல்லை. நான் அவளிடம் சொல்வதற்கு ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். யாப்பு, நேர ஒழுங்கு, தேர்தல் அதிகாரியின் கடமை எல்லாம் அதில் இருந்தன.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன்" என்றாள். "என்ரை மெசேஜைப் பாத்தனீங்களோ?"

பார்த்தேன் என்றேன்.

"நாலு மணி எண்டதாலை தொடங்கினனீங்களோ, இல்லாட்டி நான் உதுக்குச் சரிவரமாட்டன் எண்டோ?"

தயாராக வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை. நீ சரிவரமாட்டாய் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. வேலைக்குப் போட்ட சப்பாத்தின் நாடாவைக் குனிந்து அவிழ்த்தாள், ஒன்று, பிறகு மற்றது. இரண்டையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"டொக்டர் அப்பிடி நினைச்சது எனக்கு நோகேல்லை அண்ணை" என்றாள். "அவருக்காக நான் ஒருநாளும் பள்ளிக்கூடத்தை விடேல்லை."